சர்க்கார் கஞ்சாக் கடை

நல்லூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக மண்தான் சோறு போட்டது. தாத்தா சக்கரத்தில் பானை வனைந்தார். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்த பிறகு அப்பா அங்கே சூளை வேலைக்குப் போனார். நான் அதே ஊரில் அரசு செராமிக் பயிலகத்தில் படித்துவிட்டு, வேலை பார்த்த காலம் முழுக்க அச்சு எடுத்தேன். ஃபியூஸ் கட்டைக்கு அச்சு, அகல் விளக்குக்கு அச்சு, கொலு பொம்மைக்கு அச்சு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே இருந்து வெட்டிப் போடும் வெள்ளைக் களிமண் எங்கள் ஊருக்கு வந்து பீங்கானாகிப் பல ஊர்களுக்குப் போயிற்று.

தாத்தாவின் சூளையிலிருந்து இறங்கிய சாமான்களில் ஒன்று மட்டும் அப்பா காலத்திலேயே நின்றுபோனது. அது சிலும்பி, கஞ்சா குடிக்கிற மண்குழல். நல்ல களிமண்ணை இரண்டு நாள் ஊறவைத்து, கல் துளி இல்லாமல் பிசைந்து, கூராகச் சீவிய குச்சியைச் சுற்றி அப்பி உருட்டுவார். ஒரு முனை அகலமாக இருக்கும், மறு முனை விரல் அளவுக்குக் குறுகும். பாதி காய்ந்ததும் குச்சியை உருவி எடுத்துவிட்டு, நிழலிலேயே முழுக்க உலரவிட்டுப் பானைகளுக்கு இடையில் செருகிச் சுடுவார். தீக்கங்கு வாய்க்குள் வராமலிருக்கச் சிறு கல் ஒன்றை உள்ளே போட்டுக்கொள்வார்கள். வாய்வைக்கும் பக்கம் ஈரத்துணி சுற்றிக்கொள்வார்கள். மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கூட்டம் சேரும்போது மணிமுத்தாற்றங்கரையில் பரதேசிகள் வந்து தங்குவார்கள். அவர்கள்தான் அதை வாங்குகிறவர்கள்.

எங்கள் ஆயா அந்தச் சிலும்பிகளைக் கையால் தொடமாட்டாள். சட்டி பானை அடுக்கிய இடத்தில் வைக்கவும் விடமாட்டாள். "பரதேசி சாமான வூட்டுச் சாமானோட வைக்காத" என்பாள். ஊரில் எவனாவது சம்சாரி கஞ்சா குடிக்கிறான் என்று தெரிந்தால் அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். 'கஞ்சாக்குடிக்கி' என்பது திட்டுச் சொல்லாகவே இருந்தது. ஆனால் அதற்காக ஒருவனைப் போலீஸ் பிடித்துப்போகும் என்று அந்தத் தலைமுறையில் யாரும் நினைத்ததில்லை. காரணம் எளிது. கஞ்சாவை விற்றதே சர்க்கார்தான். விருத்தாசலத்தில் அபினும் கஞ்சாவும் விற்கிற லைசென்ஸ் கடை இருந்ததைத் தாத்தா பார்த்திருக்கிறார். ஏலத்தில் யார் எடுத்தார் என்பதைக்கூட ரைஸ்மில் ஏலம் போலச் சாதாரணமாகச் சொல்வார்.

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று இப்போது தொலைக்காட்சியில் வாதம் நடக்கும்போது, இரண்டு பக்கத்தாரும் இது புதுக் கேள்வி என்பதுபோலப் பேசுகிறார்கள். நம் மாகாணம் இதை ஒருமுறை முழுக்க வாழ்ந்து பார்த்துவிட்டது. அனுமதித்தும் பார்த்தது, தடுத்தும் பார்த்தது. அந்தக் கதையை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும்.

1886-ல் வந்த சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயத்தோடு கஞ்சாவையும் ஒரே கணக்கில் சேர்த்தது. பயிர் செய்ய லைசென்ஸ், விற்க லைசென்ஸ், கடைக்கு ஏலம். மாகாணத்தில் கஞ்சாவுக்கென்றே செடி வளர்த்த இடங்கள் இரண்டு பேர்பெற்றவை. ஒன்று வடக்கே கிருஷ்ணா மாவட்டத்து டக்குபாடு. இன்னொன்று நமக்குப் பக்கத்தில், வடாற்காட்டு ஜவ்வாது மலை. வங்காளத்தில் நவ்காவ் வட்டாரம் இதிலேயே பிழைத்தது. அங்கே ஆண் செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஆண் செடி நின்றால் மகரந்தம் சேர்ந்து விதை பிடித்துவிடும், பூங்கதிரில் பிசின் குறைந்துபோகும். 1917-ல் அந்த விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். வங்காளம், சிந்து அளவுக்குச் சென்னை மாகாணத்தில் புழக்கம் இருந்ததில்லை. ஆனாலும் கடை இருந்தது, வரி வந்தது.

1893 மார்ச்சில் வில்லியம் கெய்ன் என்கிற மதுவிலக்குக்கார எம்.பி. லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். இந்தியாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளைக் கஞ்சாதான் நிரப்புகிறது என்று அங்கே பேச்சு இருந்தது. அதையொட்டி இந்திய சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. டபிள்யூ. மாக்வர்த் யங் தலைவர், அவரையும் சேர்த்து உறுப்பினர் ஏழு பேர், அதில் இந்தியர் மூவர். 1893 ஆகஸ்டில் கல்கத்தாவில் முதல் கூட்டம். 86 அமர்வுகள், 1,193 சாட்சிகள். கலெக்டர், டாக்டர், வைத்தியர், மிஷனரி, கஞ்சா வியாபாரி, பயிர் செய்தவர் என்று எல்லோரையும் விசாரித்தார்கள். ஏழு தொகுதிகள், 3,000 பக்கங்களுக்கு மேல் அறிக்கை. அதற்குப் பிறகு இந்தப் பொருளைப் பற்றி இந்தியாவில் இவ்வளவு உழைத்து யாரும் விசாரித்ததாக நான் படித்ததில்லை.

அந்த அறிக்கையில் என் மனதில் நின்ற பகுதி பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் பற்றியது. 1892-ல் இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, சரஸ் (பிசின்), பங்கு (இலை) என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. கமிஷன் ஒவ்வொரு ஆளையும் அவரவர் ஊர்வரை தேடிப்போய் விசாரிக்க ஏற்பாடு செய்தது. தெருவில் திரிந்தவனைப் பிடித்துவந்த போலீஸ்காரர் சொன்னதை குமாஸ்தா அப்படியே எழுதியிருக்கிறார். காரணம் தெரியாவிட்டால் கஞ்சா என்று எழுதுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. விசாரித்து முடித்தபோது, கஞ்சாவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஏற்கக்கூடியவை 98-தான் தேறின. மற்றக் காரணங்களோடு கலந்தவையும் அதில் சேர்த்தி. நூறில் ஏழு சொச்சம்.

அந்த நூறில் ஏழையும் மறக்கக்கூடாது. கமிஷனும் மறக்கவில்லை. அளவோடு எடுப்பதால் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, மனம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு இது ஆபத்து என்று எழுதியது. முழுத்தடை வேண்டாம் என்றது. தடுத்தால் மக்கள் ஊமத்தை, சாராயம் என்று இன்னும் மோசமானதைத் தேடிப் போவார்கள், சாமியார்களின் வழிபாட்டில் சர்க்கார் கைவைத்ததாக ஆகும் என்று காரணம் சொன்னது. பயிரிடும் இடத்தைக் குறுக்கு, சரக்கைக் கிடங்கில் வை, வரியை ஏற்று, கடைகளைக் குறை, கையில் வைத்திருக்கும் அளவுக்கு உச்சவரம்பு போடு. இதுதான் அதன் யோசனை. மூன்று இந்திய உறுப்பினர்களில் இருவர், ராஜா சசி சேகரேஸ்வர ராயும் லாலா நிஹால் சந்தும், மாற்றுக் கருத்து எழுதிவைத்தார்கள். இந்தியர்கள் எல்லோரும் கஞ்சாவை ஏற்றுக்கொண்டிருந்தார்கள், வெள்ளைக்காரன்தான் கெடுத்தான் என்று இன்று சிலர் சொல்வது அதனால்தான் சரியில்லை. எங்கள் ஆயாவும் ஏற்றுக்கொள்ளவில்லையே.

சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்குத் தனி இடம் உண்டு. கோரக்கர் மூலி என்று சித்தர் பேரிலேயே அதை அழைத்தார்கள். வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து, பாலிலும் நெய்யிலும் வேகவைத்து, லேகியத்தில் சேர்த்தார்கள். பசியின்மை, பேதி, தூக்கமின்மை, வலி ஆகியவற்றுக்குக் கொடுத்தார்கள். 1826-ல் வெளிவந்த தன் மருந்து நூலில் சென்னையில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்கார டாக்டர் வைட்லா ஐன்ஸ்லி கஞ்சாவைப் பற்றி எழுதினார். 1839-ல் கல்கத்தாவில் ஓ'ஷானசி என்ற டாக்டர் அதை ரணஜன்னிக்கும் வாதத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். அவர் வழியாகத்தான் அது ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் போனது. இன்றைக்கும் ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கான விதிகளில் நச்சு மூலிகைப் பட்டியலில் அது இருக்கிறது. வைத்தியர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்று சீட்டு ஒட்ட வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவர் தன் அப்பா செய்த லேகியத்தைப் பற்றிச் சொல்வார். மூலப்பொருள் வாங்க வழி இல்லாததால் அந்தச் செய்முறை தன்னோடு நின்றுபோகும் என்று வருத்தப்படுவார். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

கதை இங்கிருந்து கப்பல் ஏறுகிறது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு கிராமங்களில் பஞ்சத்தில் நிலம் இழந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் பொழுதெல்லாம் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு இரவில் சிலும்பி பிடித்தார்கள். அந்தச் செடி அங்கே ஆப்பிரிக்கர்களிடம் முன்பே புழங்கியதுதான். ஆனால் தோட்ட முதலாளிகளுக்கு வேலை குறைகிறதே என்ற கவலை. 1870-ல் நேட்டால் சட்டம் கூலிகள் கஞ்சா குடிப்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்தது. அந்த விதி கூலிகளுக்கென்றே எழுதப்பட்டது. வெள்ளைக்காரனுக்கு அது பொருந்தவில்லை. 1880-களில் உட்கார்ந்த ராக் கமிஷனும் இந்தியர்களின் கஞ்சாவைப் பற்றி விசாரித்து எழுதியது.

1923-ல் தென்னாப்பிரிக்க அரசு, கஞ்சாவையும் அபின்போல உலகத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சர்வதேச சங்கத்துக்கு எழுதியது. அடுத்து ஜெனீவா மாநாட்டில் எகிப்து அதைக் கடுமையாக வற்புறுத்தியது. 1925 உடன்படிக்கையில் 'இந்தியச் சணல்' என்ற பேரில் அது ஏறியது. இந்தியப் பிரதிநிதிகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள், உள்நாட்டுப் புழக்கத்தில் கைவைக்க ஒத்துக்கொள்ளவில்லை. 1961-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் ஒற்றை உடன்படிக்கை வந்தபோதும் இந்தியா வாதாடி இரண்டு சலுகை வாங்கியது. இலை, அதாவது பங்கு, தடையில் வராது. மற்றதை நிறுத்த 25 வருட அவகாசம். நம் தென்னாற்காட்டுக் கூலியை அடக்கப் போட்ட சட்டம் உலகத்தைச் சுற்றிக்கொண்டு, தடையாக நம் ஊருக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. இதைப் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அதே தென்னாப்பிரிக்காவில் 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர் தனியிடத்தில் தனக்காக வைத்திருப்பது குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டின் கணக்கு இந்த உலகக் கணக்குக்கு முன்பே வேறு வழியில் போய்விட்டது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அந்தச் சட்டம் சாராயத்தை மட்டும் சொல்லவில்லை. போதை தரும் மருந்து என்று கஞ்சா, பங்கு எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார்கள். 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், எங்கள் பழைய தென்னாற்காட்டுக்காரர், மாகாணம் முழுவதும் மதுவிலக்கைக் கொண்டுவந்து முடித்தார். லைசென்ஸ் கஞ்சாக் கடைகளும் அதோடு போயின. உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் இன்று சர்க்கார் லைசென்ஸில் பங்கு கடை நடப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். விடை அந்த 1937 சட்டத்தில் இருக்கிறது.

1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் திரும்பக் கடை மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003-ல் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. இத்தனை திருப்பத்திலும் கஞ்சாக் கடை மட்டும் திரும்பவில்லை. ஆனால் கஞ்சா போய்விடவும் இல்லை. நான் செராமிக் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரவு ஷிஃப்டில் சூளைக்குத் தீ போடுகிற வயசாளிகள் இரண்டு பேர் பீடிப் புகையிலையை உதறிவிட்டு அதில் அடைத்துக் குடிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி திட்டுவார். இளையவர்கள் அந்தப் பக்கம் போனால் அந்த வயசாளிகளே விரட்டிவிடுவார்கள்.

1985-ல் நிலைமை அடியோடு மாறியது. ஆகஸ்ட் 23-ல் போதைப்பொருள் தடுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. செப்டம்பர் 16-ல் ஜனாதிபதி கையெழுத்து, நவம்பர் 14-ல் நடைமுறை. 1893-ல் வெளிநாட்டு ஆட்சி ஒரு வருடம் ஊர் ஊராகப் போய் 1,193 பேரைக் கேட்டது. நம் சொந்த நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டது. ஹெராயின் பாகிஸ்தான் வழியாக வந்துகொண்டிருந்த காலம், 1961 உடன்படிக்கையின் 25 வருட அவகாசமும் முடியப்போகிற காலம். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் ஹெராயினையும் கஞ்சாவையும் ஒரே சட்டத்தில் கட்டினார்கள். கதிர் இல்லாத வெறும் இலையை மட்டும் விட்டுவிட்டார்கள். 2001-ல் தண்டனையை அளவுவாரியாகப் பிரித்தார்கள். ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது வருடச் சிறை, ஜாமீன் கிடைப்பதே அரிது.

இந்தச் சட்டத்தை ஒரு வீட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். கையில் ஒரு பொட்டலம் இருந்தபோது பிடிபட்டான். சட்டப்படி அது சிறிய அளவுதான், கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். ஆனால் வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் வாங்க முடியவில்லை. தங்கைக்குப் பார்த்த இடம் நின்றுபோனது. இதற்கு முன்பே அவனுக்கு வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. இரவில் தூங்காமல் யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். அவன் அம்மா எனக்கு அண்ணி முறை. என்னிடம் வந்து, "தம்பி, இவன ஜெயிலுக்குத் தள்ளறதுக்கு எத்தன பேரு இருக்காங்க, வைத்தியம் பாக்கறதுக்கு ஒருத்தர் இல்லையே" என்று அழுதார். மனநல மருத்துவரைப் பார்க்கக் கடலூர் வரை கூட்டிப்போனோம். மாத்திரை, ஆலோசனை என்று ஒழுங்காகப் போனதில் இப்போது தேறி வேலைக்குப் போகிறான். அவனைக் காப்பாற்றியது அந்த மருத்துவர். வழக்கு அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை, கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது.

அதனால்தான், கஞ்சா ஒரு மூலிகை, அதில் கெடுதலே இல்லை என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. இளம் வயதில் தொடங்கி அதிகமாகப் பிடிக்கிறவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதை இன்றைய மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தாத்தா காலத்தில் அதைக் குடித்தவர்கள் பரதேசிகளும் வயசாளிகளும். இன்று பள்ளிக்கூட வாசல் வரை பொட்டலம் வருகிறது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலிலும் லாரியிலும் இறங்குகிறது. விருத்தாசலம் ஜங்ஷனில் கடலூர்ப் பாதையும் சேலம் பாதையும் பிரிகின்றன. ரயிலில் வருவதற்கு ஜங்ஷன் ஊர்கள் எல்லாம் வாசல்தான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வது வேறு சேர்ந்துவிட்டது.

2019-ல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்கு வெளிவந்தது. முந்தைய ஒரு வருடத்துக்குள் பங்கு, கஞ்சா, சரஸ் ஏதாவது ஒன்றை எடுத்தவர்கள் நாட்டில் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். அதில் பெரும்பகுதி சட்டம் தடுக்காத பங்கு. கஞ்சாவும் சரஸும் எடுத்தவர்கள் சுமார் 1 கோடியே 30 லட்சம். உதவி தேவைப்படுகிற நிலையில் இருப்பவர்கள் 72 லட்சம். வடக்கே ஒருவர் ஹோலிக்கு பங்கு குடித்தால் பண்டிகை, இங்கே ஒரு கூலியாள் பீடியில் அடைத்தால் குற்றம். செடி ஒன்றுதான். இந்த வேறுபாட்டை எந்தப் பிள்ளைக்கும் என்னால் நியாயப்படுத்திச் சொல்ல முடியாது.

நாட்டில் பேச்சு மாறிக்கொண்டுதான் வருகிறது. 2015-ல் ஒடிசா எம்.பி. ததாகத சத்பதி இதை வெளிப்படையாகப் பேசினார். 2016-ல் பாட்டியாலா எம்.பி. தர்மவீர் காந்தி, அவரே ஒரு டாக்டர், தனிநபர் மசோதா தயாரித்தார். 2017-ல் மத்திய அமைச்சர் மேனகா காந்தி மருத்துவத்துக்கு அனுமதிக்கலாம் என்றார். 2018-ல் உத்தரகண்ட் நாருக்காகச் சணல் பயிரிட லைசென்ஸ் கொடுத்தது. இமாச்சலப் பிரதேசம் அதே வழியில் போகிறது. 2020 டிசம்பர் 2-ல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. 27-க்கு 25 என்று தீர்மானம் தேறியது. எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தமிழ்நாட்டில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2021 கடைசியிலும் 2022-லும் 'கஞ்சா வேட்டை' என்று போலீஸ் பெரிய தேடுதல் நடத்தியது. 2022 ஆகஸ்ட் 11-ல் பள்ளி, கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதை வரவேற்றார்கள். நானும் வரவேற்றேன்.

வெளிநாட்டைக் காட்டி வாதாடுகிறவர்கள் கனடாவைக் காட்டுவார்கள், ஜெர்மனியைக் காட்டுவார்கள். தாய்லாந்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் அங்கே ஒரே அடியாகத் தடையை எடுத்தார்கள். கட்டுப்படுத்தச் சட்டம் வரும் முன்பே தெருவெல்லாம் கடை முளைத்தது. மூன்றே வருடத்தில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று திரும்ப இறுக்கினார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சர்க்காரே கடை வைத்து போதை விற்றால் என்ன ஆகும் என்பதை டாஸ்மாக் வாசலில் தினமும் பார்க்கிறோம். கடை திறந்தால் கள்ளச்சரக்கு ஒழியும் என்ற வாதத்தையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூனில் அடுத்த மாவட்டத்துக் கள்ளக்குறிச்சியில், டாஸ்மாக் நடக்கிற ஊரிலேயே, மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் காசில்லாத கூலிக்காரர்கள். வரி வருமானம் வரத் தொடங்கிவிட்டால் எந்த சர்க்காரும் அதை விடாது. 1893 கமிஷன் சொன்னபடி வரியை ஏற்றிக் கடையைக் குறைக்கிற நிர்வாகம் இன்று நம்மிடம் இல்லை.

எனவே என் முடிவு இது. கஞ்சாக் கடை வேண்டாம், சர்க்கார் கடையும் வேண்டாம், தனியார் கடையும் வேண்டாம். மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விற்கிறவனுக்கும் இப்போதுள்ள தண்டனை இருக்கட்டும். ஆனால் தனக்கென்று ஒரு பொட்டலம் வைத்திருப்பவனைச் சிறைக்கும் கோர்ட்டுக்கும் இழுக்கக்கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இருக்கிற சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமாக சிகிச்சைக்கு வந்தால் சிறிய அளவுக்கான வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 39-ஆம் பிரிவு, தண்டனைக்குப் பதிலாக சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன. சிகிச்சை தர இடம்தான் பக்கத்தில் இல்லை. வலிப்பு நோய்க் குழந்தைகளுக்காக இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்தை அமெரிக்கா 2018-ல் அங்கீகரித்துவிட்டது. கோரக்கர் மூலி என்று பேர் வைத்த நாட்டில், சித்த மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய அளவை சர்க்கார் கண்காணிப்பில் பயிரிட்டுக் கொடுக்கச் சட்டத்தின் பத்தாவது பிரிவிலேயே மாநில அரசுக்கு வழி இருக்கிறது.

நல்லூர், வேப்பூர், மங்கலம்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமசபைக் கூட்டம் நடக்கும்போது இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் வாரம் முழுவதும் ஒரு மனநல மருத்துவர் இருக்க வேண்டும், போதை மறுவாழ்வுக்குத் தனிப் படுக்கைகள் வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதற்குப் பதில் வாங்காமல் அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பையன் இரவில் தூங்காமல் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் ஊருக்குப் பயந்து மறைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.